ஒரு ஏக்கர் புல்லுக்கு எந்த வண்டி?

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் பேட்டரி ரைடிங் மோவர் வாங்கினால் பெட்ரோல் காசு மிச்சமாகும், அந்த மிச்சத்திலேயே வண்டி விலை திரும்பி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வராது. கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனாலும் என் கராஜில் நிற்பது பேட்டரி வண்டிதான், அடுத்த முறை வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன். காசைத் தாண்டி அதில் வேறு சங்கதிகள் இருக்கின்றன. அதே சமயம் என்னிடம் யோசனை கேட்கிறவர்களில் பாதிப் பேருக்காவது "உங்களுக்கு இது வேண்டாம்" என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், பிலடெல்ஃபியாவுக்கு வெளியே. இந்தப் பக்கம் ஒரு ஏக்கர் மனை சாதாரணம். வீடு பார்க்கப் போகும்போது நம் ஆட்கள் பள்ளிக்கூடம், அடுப்பங்கரை, பேஸ்மென்ட், வாசல் எந்தத் திசை என்று ஒன்று விடாமல் பார்ப்போம். பின்பக்கம் விரிந்து கிடக்கும் புல்லை மட்டும் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். ஏப்ரல் பிறந்த பிறகுதான் அது யார் வேலை என்ற பேச்சே எழும். இங்கே இருப்பது டால் ஃபெஸ்கியூ, கென்டக்கி புளூகிராஸ் போன்ற குளிர் தாங்கும் புல்வகைகள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வெறி பிடித்ததுபோல வளரும், ஜூலை ஆகஸ்ட் வெயிலில் அடங்கும், செப்டம்பரில் மறுபடி கிளம்பும். நவம்பர் வரை எப்படியும் 30 தடவை வெட்ட வேண்டியிருக்கும்.

முதலில் நேரக் கணக்கு

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, நம் ஊர்க் கணக்கில் 100 சென்ட். ஆனால் மனையின் அளவு வேறு, புல்லின் அளவு வேறு. வீடு, டிரைவ்வே, மரத்தடி, புதர் எல்லாம் கழித்தால் ஒரு ஏக்கர் மனையில் புல் 70 சென்ட்கூட இல்லாமல் போகலாம். கூகுள் மேப்பில் வீட்டைப் பெரிதாக்கி, அளக்கும் வசதியை வைத்துப் புல்லின் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தால் சதுர அடி வந்துவிடும். 5 நிமிட வேலை. இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் தேவைக்கு மேல் பெரிய வண்டியோடு திரும்புகிறார்கள்.

பின்னால் நடந்து தள்ளும் 21 அங்குல மோவரோடு மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால், திரும்புவது, ஒரு வரிசை இன்னொன்றின் மேல் ஏறுவது எல்லாம் போக மணிக்கு ஏறக்குறைய அரை ஏக்கர் வெட்டலாம். 30 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிக்கூடு) உள்ள சின்ன ரைடிங் மோவர் மணிக்கு முக்கால் ஏக்கர் சொச்சம் செய்யும். 42 அங்குல வண்டி ஒன்றே கால் ஏக்கர்.

இதிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. உங்கள் புல் 50 சென்ட்டுக்குக் கீழே என்றால், தானே முன்னால் நகரும் பேட்டரி மோவரைப் பிடித்துக்கொண்டு வாரம் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். நல்லதே 1,000 டாலருக்குள் கிடைக்கும், சுவரோரமாக நிறுத்தி வைக்கலாம், ரைடிங் மோவர் நுழையாத வேலி இடுக்கிலும் நுழையும். உட்கார்ந்து ஓட்டும் வண்டி வாங்கினாலும் மரத்தைச் சுற்றியும் வேலியோரமும் டிரிம்மர் எடுத்துக்கொண்டு நடக்கத்தான் வேண்டும், அந்த வேலை எதில் வெட்டினாலும் குறையாது. முதுகுவலி, முட்டிவலி இருந்தால் கதை வேறு.

இனி நான் சொல்வது 60 சென்ட்டிலிருந்து 2 ஏக்கர் வரை புல் உள்ளவர்களுக்கு.

காசுக் கணக்கு

42 அங்குல டெக் உள்ள சாதாரணப் பெட்ரோல் டிராக்டர் மோவர் 2,000 முதல் 2,500 டாலருக்குக் கிடைக்கும். அதே அகலத்தில் பேட்டரி வண்டி 4,000 முதல் 5,500 வரை போகிறது. வித்தியாசம் குறைந்தது 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் வண்டி மணிக்குச் சுமார் ஒரு கேலன் குடிக்கும். ஒரு ஏக்கருக்கு முக்கால் கேலன், 30 தடவைக்கு 22 கேலன் சொச்சம். கேலன் 3.25 டாலர் என்றால் ஆண்டுக்கு 73 டாலர். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் சேர்ந்து 40, 50 டாலர். ஆக 120 டாலருக்குள் முடிந்துவிடும். பேட்டரி வண்டிக்கு ஒரு ஏக்கர் வெட்ட ஒன்றரை முதல் 2 யூனிட் கரண்ட் போதும். ஆண்டுக்கு 60 யூனிட், யூனிட் 0.17 டாலர் என்றால் 10 டாலர் சொச்சம். மிச்சம் 110 டாலர். 2,000 டாலரை இப்படி மீட்க 18 ஆண்டு ஆகும். அதுவரை முதல் பேட்டரி உயிரோடு இருக்காது.

ஆள் வைத்து வெட்டுவதோடு ஒப்பிட்டால்தான் படம் மாறும். எங்கள் பக்கம் ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை 60 முதல் 80 டாலர் கேட்கிறார்கள். 70 என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 2,100. அப்படிப் பார்த்தால் பெட்ரோல் வண்டி ஓராண்டு சொச்சத்திலும் பேட்டரி வண்டி இரண்டு, இரண்டரை ஆண்டிலும் தன் விலையைக் கொடுத்துவிடும். ஆகவே 'நாமே வெட்டுவதா, ஆளை வைப்பதா' என்பதுதான் காசு சம்பந்தப்பட்ட கேள்வி. பெட்ரோலா பேட்டரியா என்பதில் காசைப் பார்த்து முடிவெடுத்தால் பெட்ரோல்தான் ஜெயிக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு விதிவிலக்கு சொல்லலாம். சில மாநிலங்களும் மின்சார நிறுவனங்களும் மானியம் தருகின்றன. கொலராடோவில் 2024 முதல் மின்சாரத் தோட்டக் கருவிகளுக்குக் கடையிலேயே 30 சதவீதம் தள்ளுபடி கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 5,000 டாலர் வண்டியில் 1,500 குறைந்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே புரண்டுவிடும். அதனால் உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு யோசிக்கவே இடமில்லை. 2021இல் வந்த ஏபி 1346 என்ற சட்டத்தை ஒட்டி, 2024 மாடல் ஆண்டிலிருந்து இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்கள் புதிதாக வருவது புகை இல்லாததாக இருக்க வேண்டும். பழையதை ஓட்டத் தடையில்லை. தொழில்முறையாகப் பயன்படுத்தும் ஒரு மோவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமாசு, புதுக் காரை 300 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்பது அந்த மாநிலத்துக் காற்று வாரியம் சொல்லும் கணக்கு. இவ்வளவு சின்ன எஞ்சின் இவ்வளவு புகை கக்குகிறதா என்றால், காரில் இருக்கும் அளவுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்கள் இதில் இல்லை, அதுதான் காரணம்.

பிறகு ஏன் பேட்டரி?

ஏப்ரல் முதல் சனிக்கிழமை எங்கள் தெருவில் நடந்து போனால் தெரிந்துவிடும். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் கராஜ் கதவு திறந்திருக்கும், ஒருவர் மோவரின் பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். சாவி திருப்பினால் எஞ்சின் பிடிக்கும், ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்க பம்புகளில் வருவது 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க டாங்கில் நின்ற பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகி கார்புரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். அக்டோபரில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் இது வராது. செய்கிறவர்கள் செய்கிறார்கள். நம்மில் பலர் அந்தச் சமயம் தீபாவளி வேலையில் இருப்போம்.

பேட்டரி வண்டியில் இந்த அத்தியாயமே கிடையாது. ஆயில் இல்லை, பிளக் இல்லை, கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் கேனை மினிவேனின் பின்னால் வைத்துக் கொண்டுவந்து, அது கொஞ்சம் சிந்தி, இரண்டு வாரம் வண்டியே நாறும் பாடு இல்லை. பிளேடு தீட்டுவது, டயருக்குக் காற்று, டெக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, இவை மட்டும் எதிலும் உண்டு.

சத்தத்தைப் பற்றி விளம்பரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்கின்றன. பிளேடு முனை நிமிடத்துக்கு 19,000 அடி வேகம் வரை சுழலலாம் என்பது அமெரிக்கத் தரவிதியின் உச்சவரம்பு. மணிக்கு 216 மைல். அந்த வேகத்தில் காற்றைக் கிழிக்கும் இரும்பு சும்மா இருக்காது, அது பேட்டரியில் சுழன்றாலும் சரி. ஆனால் பெட்ரோல் டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் காதருகே சத்தம் 90 டெசிபெல்லைத் தொடும், அதற்குக் காதுமூடி போட்டே ஆக வேண்டும். பேட்டரி வண்டியில் எஞ்சின் இரைச்சலும் அதிர்வும் போய், விசிறி மாதிரியான ஓசை மட்டும் மிஞ்சும். ஓட்டிக்கொண்டே எதிரில் வருகிறவரிடம் பேசலாம். குழந்தை தூங்கும் ஜன்னலுக்குக் கீழே வெட்டலாம். இறங்கின பிறகும் கையில் அந்தக் குறுகுறுப்பு இருக்காது. என்னைக் கேட்டால் 2,000 டாலர் அதிகம் கொடுத்து வாங்குவது இதைத்தான். பிடித்தால் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

மே மாதத்து வாரம்

பெட்டியில் "2 ஏக்கர் வரை" என்று போட்டிருப்பார்கள். அந்த "வரை"யில்தான் சூட்சுமம் இருக்கிறது. காய்ந்த புல், தீட்டின பிளேடு, தட்டையான நிலம், புதுப் பேட்டரி, மேலாக ஒரு அங்குலம் வெட்டுவது என்று எல்லாம் கூடிவந்தால் 2 ஏக்கர். மே இரண்டாம் வாரத்தில் நான்கு நாள் மழை பெய்து, புல் 7 அங்குலம் நின்று, இன்னும் ஈரம் காயாத ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கணக்கு பாதியாகிவிடும்.

அது எப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்ரோல் வண்டியிலிருந்து மாறுகிறவர்கள் தடுமாறும் இடம் இது. பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமை ஏறினால் முனகும். சத்தம் கம்மிப் போவது காதில் கேட்கும், நாமே வேகத்தைக் குறைத்துவிடுவோம். பேட்டரி வண்டியின் கன்ட்ரோலர் அப்படி விடாது. பிளேடு வேகம் குறையாமல் இருக்கத் தேவையான கரண்டைப் பேசாமல் உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓசை அதே ஓசை. ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் மட்டும் 80, 74, 67 என்று எண் சரிந்துகொண்டிருக்கும். டெக்குக்குக் கீழே ஈரப்புல் பச்சைச் சாணி மாதிரி அப்பிக்கொண்டு, வெட்டின புல் வெளியே போக வழியில்லாமல் பிளேடு அதையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். அந்த அரைப்புக்கும் கரண்ட் போகிறது. இப்படிப்பட்ட நாளில் டெக்கை ஒரு படி உயர்த்தி வைத்து, மெதுவாக ஓட்டி, புல்லை ஓரமாகக் கொட்டும் மூடியைத் திறந்துவிடுவேன். இரண்டு நாள் கழித்து வழக்கமான உயரத்துக்கு இன்னொரு ஓட்டு. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்று புல்லின் நலத்துக்காகச் சொல்லும் விதி பேட்டரிக்கும் நல்லதாகவே பொருந்துகிறது.

அப்பிக்கொண்டதைச் சுரண்டக் கையை உள்ளே விடும் முன் சாவியை எடுக்க வேண்டும். பேட்டரி கழற்றும் ரகமாக இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் வண்டி இரைச்சல் போட்டு எச்சரிக்கும். இது எச்சரிக்காது.

ஆகவே என் விதி: உங்கள் புல்லைப்போல இரண்டு மடங்கு வெட்டும் என்று போட்டிருக்கும் வண்டியை வாங்குங்கள். 75 சென்ட் புல்லுக்கு ஒன்றரை ஏக்கர் வண்டி. ஒரு ஏக்கருக்கு 2 ஏக்கர் வண்டி. 2 ஏக்கருக்கு மேல் புல்லும், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நேரம் என்ற நிலைமையும் இருந்தால் பெட்ரோலே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நிலத்தில் சார்ஜ் தீர்ந்து 4 மணி நேரம் காத்திருப்பது அலுப்பான வேலை.

டெக்சஸ், ஜார்ஜியா பக்கம் இருப்பவர்களுக்கு மே மாதத்துக்குப் பதில் ஜூலைதான் சோதனை. செயின்ட் அகஸ்டின் புல் அடர்த்தியானது, கரண்டை நன்றாக இழுக்கும். வெயிலில் ஓட்டிச் சூடேறிய பேட்டரியைச் சார்ஜரில் போட்டால், ஆறும் வரை அது சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

கழற்றும் பேட்டரியா, உள்ளேயே இருப்பதா

இந்த ஒரு கேள்விக்குப் பிராண்டைவிட அதிக மதிப்பு கொடுப்பேன். சந்தையில் இரண்டு வகை. ஈகோ, கிரீன்வொர்க்ஸ் போன்றவர்கள் கையில் தூக்கும் அளவு பேட்டரிகள் நாலோ ஆறோ வண்டிக்குள் செருகுகிறார்கள். 42 அங்குல ஈகோ ஜீரோ டர்னில் (நின்ற இடத்திலேயே சுழலும் வகை) 56 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரி நான்கு வரும். ஒன்று 560 வாட் ஹவர், மொத்தம் இரண்டே கால் யூனிட் அளவு. கப் கேடடின் எல்டி42இ, ஜான் டியரின் இசட்370ஆர் போன்றவற்றில் ஒரே பெரிய பேட்டரி, வண்டியோடு சேர்ந்தது. கப் கேடடில் 3 யூனிட், ஜான் டியரில் 3.56 யூனிட். ஜான் டியரில் தனிச் சார்ஜர்கூட இல்லை, சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயரை நேராக வண்டியில் செருகலாம்.

உள்ளேயே இருப்பதில் தொந்தரவு குறைவு: கராஜுக்குள் விட்டோமா, ஒயரைச் செருகினோமா, அவ்வளவுதான். கழற்றும் வகையில் அதே பேட்டரி டிரிம்மர், இலை ஊதி, பனி தள்ளும் எந்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு. 7, 8 ஆண்டு கழித்து ஒரு பேட்டரி படுத்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். பெரியது ஒன்று 500 டாலருக்கு மேல் ஆகும், வலிக்கத்தான் செய்யும். உள்ளேயே இருக்கும் பெரிய பேட்டரி வாரண்டி முடிந்து படுத்தால் அந்தச் செலவில் ஒரு புதுப் பெட்ரோல் டிராக்டரையே பார்க்கலாம். வாரண்டி படிக்கும்போது வண்டிக்கு எத்தனை ஆண்டு, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகப் பாருங்கள். பல நிறுவனங்களில் இரண்டும் ஒன்றில்லை.

பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் தாங்கும் என்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 30 தடவை என்றால் 10 ஆண்டில் 300 தடவைதான், லித்தியத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. வயதும், வெப்பமும், முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடப்பதும்தான் அதைக் கொல்லும். நவம்பரில் பாதி சார்ஜில் நிறுத்தி, குளிர்ந்த ஆனால் உறையாத இடத்தில் வைக்க வேண்டும். 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். எங்கள் கராஜ் ஜனவரியில் அதற்குக் கீழே போகும் என்பதால் நான் பேட்டரிகளைப் பேஸ்மென்ட்டுக்கு இறக்கிவிடுகிறேன். கழற்ற முடிகிறதால்தான் இது சாத்தியம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரியோபியின் 48 வோல்ட் மாடல்கள் சல்லிசான விலைக்கு விற்பனைக்கு வரும். அவற்றில் இருப்பது லெட் ஆசிட், அதாவது கார் பேட்டரி இனம். இதன் குணம் லித்தியத்துக்கு நேர் எதிர். குளிர்காலத்தில் முழு சார்ஜில் வைக்க வேண்டும், காலியாக விட்டால் உறைந்து வெடிப்பு விடும். நான்கைந்து ஆண்டானால் பேட்டரிகளை மாற்றும் செலவு காத்திருக்கும், வண்டி விலை மலிவாக இருப்பதே பெரும்பாலும் அதனால்தான். கையால் வேலை செய்யத் தெரிந்தவருக்கு நல்ல பேரம், மற்றவர்கள் தள்ளி நிற்கலாம்.

இப்படிப்பட்ட வண்டி ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969இலேயே நியூயார்க் மாநிலத்துச் செனெக்டடியிலிருந்து எலெக்-டிராக் என்ற பேட்டரி டிராக்டரை விற்றது. கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 36 வோல்ட். சில ஆண்டுகளில் அவர்கள் அதைக் கைவிட்டார்கள், ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றி மாற்றி இன்றும் அவற்றை ஓட்டுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். மோட்டார் அவ்வளவு சுலபத்தில் சாகாது. பேட்டரியும் எலெக்ட்ரானிக்ஸும்தான் முதலில் போகும்.

சரிவும் ஜீரோ டர்னும்

ஸ்டியரிங் வைத்த டிராக்டர் மாதிரி வண்டியா, இரண்டு கைப்பிடி வைத்து நின்ற இடத்தில் சுழலும் ஜீரோ டர்னா? மரம், பூப்பாத்தி நிறைய இருந்தால் ஜீரோ டர்ன் நேரத்தை நன்றாகவே மிச்சம் பிடிக்கும், ஓட்டவும் ஜாலி. சரிவு இருந்தால் எனக்கு அதில் விருப்பமில்லை. அதில் திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான், முன்சக்கரம் வெறுமனே உருளும். ஈரப்புல்லில் இறங்கும்போது பின்சக்கரம் வழுக்கினால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. கீழே குளமோ தடுப்புச்சுவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

டிராக்டர் வகைக்கே 15 டிகிரிக்கு மேல் போகாதே என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. 10 அடி தூரத்துக்கு இரண்டரை அடி ஏறினாலே அந்த வரம்பை நெருங்கிவிட்டீர்கள். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பை ஒரு பலகை மேல் வைத்துச் சரிவில் வைத்தால் டிகிரி தெரிந்துவிடும். உட்கார்ந்து ஓட்டும் டிராக்டர் சரிவில் மேலும் கீழுமாகப் போக வேண்டும், நடந்து தள்ளுவது குறுக்காகப் போக வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்கள் நிறைய. நீண்ட ஏற்றம் இருந்தால் பேட்டரி வண்டியின் டிரைவ் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுவதும் உண்டு. மேட்டு நிலம் நிறைய உள்ளவர்கள் வாங்குமுன் யாரிடமாவது அதே மாடலை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பழுது வந்தால்

பேட்டரி வண்டிக்கு எதிராக நான் வைக்கும் வலுவான வாதம் இதுதான். பெட்ரோல் எஞ்சினை ஊருக்கு நாலு பேர் பிரித்து மாட்டுவார்கள், யூடியூபைப் பார்த்து நாமே பாதி செய்யலாம், பாகம் இரண்டு நாளில் வீட்டுக்கு வரும். பேட்டரி வண்டியில் பழுது வருவது அரிது, வந்தால் திரையில் ஒரு எர்ரர் எண் மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டி ஜூன் தொடக்கத்தில் அப்படி நின்றது. வாங்கின பெரிய கடை கம்பெனியைக் கேள் என்றது, கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் கடையைக் கேள் என்றது, அந்தக் கடை கன்ட்ரோலர் போர்டு வர வேண்டும் என்றது. வாரண்டியில் இலவசமாகத்தான் சரியானது, ஆனால் ஜூன் முழுக்க அவர் ஆளை வைத்துக் காசு கொடுத்து வெட்டினார். நடுவில் குடியிருப்புச் சங்கமான எச்ஓஏவின் கடிதமும் வந்தது.

அதனால் விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: சீசன் நடுவில் நின்றுபோனால் வீட்டுக்கு வந்து பார்ப்பது யார், இல்லை வண்டியை ஏற்றிப் போவது யார்? பெரிய கடைச் சங்கிலியில் வாங்குவதைவிட, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உள்ளூர் டீலரிடம் இருநூறு முந்நூறு அதிகம் கொடுத்து வாங்குவது எனக்கு உசிதமாகப் படுகிறது. அந்த டீலர் 40 மைல் தள்ளி இருந்தால் பயனில்லை.

மீதி வழிகள் சுருக்கமாக. ரோபோ மோவர் தட்டையான, திறந்த நிலத்துக்கு நன்றாக இருக்கிறது. ஹஸ்க்வர்னா 1995இலிருந்தே விற்கிறது, இப்போது எல்லை ஒயர் புதைக்காமல் செயற்கைக்கோளை வைத்து ஓடுவதும் வந்துவிட்டது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே வேலிக்கதவு இருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும். ஆள் வைப்பது, ஆண்டில் இரண்டு மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் வெட்கப்படாமல் செய்யக்கூடியது. யாரும் பேசாத இன்னொரு வழி புல்லையே குறைப்பது. பின்பக்கம் 20 சென்ட்டை வேலி போட்டு அவரை, புடலைப் பந்தலாக மாற்றினால் ரைடிங் மோவரே வேண்டாம் என்ற அளவுக்கு வந்துவிடலாம். வேலி 8 அடி வேண்டும், இல்லையென்றால் அறுவடை மான்களுக்கு.

குழந்தைகளும் தாத்தாவும்

மடியில் குழந்தையை வைத்து ஒரு சுற்று ஓட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி சொல்வது தெளிவானது: ரைடிங் மோவரில் பயணியாகக் குழந்தை ஏறவே கூடாது, ஓட்ட 16 வயதாவது ஆக வேண்டும். மடியில் ஒரு தடவை ஏறின குழந்தை அடுத்த தடவை வண்டியைப் பார்த்ததும் பின்னாலேயே ஓடி வரும். பேட்டரி வண்டி அதிகச் சத்தம் போடாததால் நாம் ரிவர்ஸ் எடுப்பது அதற்கும் கேட்காது. வெட்டும் நேரம் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பாமார் இந்த வண்டியை விடவே மாட்டார்கள். பேட்டரி வண்டி அவர்களுக்கு உண்மையாகவே தோது. கியர், சோக் எதுவும் இல்லை, சாவி திருப்பினால் ஓடும். "இவ்வளவு புல்லையும் வெட்டிக் கீழயே போடுறீங்களே, ரெண்டு மாடு கட்டலாமே" என்பார்கள். தட்டை நிலமாக இருந்தால் அவர்கள் கையில் கொடுக்கலாம். சரிவு இருக்கும் பக்கத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வாங்குவது என்பதிலும் பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் இருக்கிறது. அக்டோபரில் கடைகள் விலையைக் குறைக்கும். பெட்ரோல் வண்டியை அப்போது தாராளமாக எடுக்கலாம், டாங்கைக் காலியாக வைத்தால் போதும். பேட்டரி வண்டியை அப்போது எடுத்தால் வாரண்டி அன்றே ஓடத் தொடங்கும், முதல் ஐந்து மாதம் வண்டி சும்மா நிற்கும், ஏதாவது தயாரிப்புக் குறை இருந்தாலும் ஏப்ரல் வரை தெரியாது. தள்ளுபடி 500 டாலருக்கு மேல் இல்லையென்றால் மார்ச் கடைசி வரை பொறுத்து வாங்கி, ஏப்ரல் மழையிலேயே அதை நன்றாக வேலை வாங்கிப் பாருங்கள். ரசீதை மட்டும் அன்றைக்கே போட்டோ எடுத்து, வண்டியின் சீரியல் எண்ணோடு பேட்டரிகளின் சீரியல் எண்களையும் தனித்தனியாகக் கம்பெனி தளத்தில் பதிந்துவிடுங்கள். கடையில் தரும் வெப்பத்தாள் ரசீது இரண்டு கோடைக்குள் வெள்ளைத் தாளாகிவிடும்.